கற்கண்டுக் குச்சிக்கு ஆர்டர் எடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

திருமண வரவேற்பு மேசையில் சந்தனக் கிண்ணத்துக்கும் பன்னீர்ச் சொம்புக்கும் நடுவில் தட்டில் கொட்டி வைக்கும் கற்கண்டை, மூங்கில் குச்சியில் வண்ண வண்ணமாக வளர்த்துக் கொடுத்தால் நல்ல வரவேற்பு இருக்கும் என்று நினைத்து, வீட்டிலிருந்தபடியே அதைத் தொழிலாகச் செய்யத் தொடங்கும் பெண்கள் எங்கள் கோவை, திருப்பூர்ப் பகுதியில் இப்போது பலர் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சர்க்கரை, கேஸ், கண்ணாடி டம்ளர், குச்சி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 9,000 ரூபாயும், புரட்டாசியிலிருந்து ஐப்பசிக் கடைசி வரை இரவுத் தூக்கமும் அதில் போயின. பணம் போனதைவிட, ஒரு குடும்பத்தின் கல்யாணத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனதுதான் நெடுநாள் வலித்தது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் தனியாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட அத்தனையையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

சித்திரையில் ஒரு வீடியோவைப் பார்த்து, மூன்று டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்ற கணக்கில் பாகு காய்ச்சி, ஒரே ஒரு குச்சியைத் தொங்கவிட்டேன். பத்து நாளுக்குள் அது பளிங்குபோலத் திரண்டு நின்றது. அதைக் காட்டித்தான் அவிநாசிப் பக்கம் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்கு 200 குச்சிகள் கேட்டு ஆர்டர் வந்தது. குச்சி ஒன்றுக்கு 40 ரூபாய் என்று பேசி, 3,000 ரூபாய் முன்பணமும் வாங்கிக்கொண்டேன். முகூர்த்தம் ஐப்பசியின் கடைசி வாரத்தில் இருந்ததால் நேரம் தாராளமாக இருப்பதாகத்தான் அன்று தோன்றியது.

இவ்வளவு பெரிய அளவுக்கு டம்ளர் கணக்குச் சரிவராது என்று எடை மெஷினை வைத்து, மூன்று கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று காய்ச்சி ஊற்றினேன். மறுநாள் காலையில் டம்ளர்களின் அடியிலும் சுவரிலும் சர்க்கரை பாறையாக இறுகியிருந்தது. குச்சியை இழுத்தால் டம்ளரும் சேர்ந்து வந்தது. சிலவற்றை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எல்லா வீடியோவிலும் மூன்றுக்கு ஒன்று என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அது கொள்ளளவா எடையா என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒரு டம்ளர் சர்க்கரையின் எடை அதே டம்ளர் தண்ணீரின் எடையில் ஏறக்குறைய 85 விழுக்காடுதான் இருக்கும், ஏனென்றால் சர்க்கரைப் பரல்களுக்கு இடையில் காற்று நிற்கிறது. ஆகவே டம்ளரில் மூன்றுக்கு ஒன்று என்பது எடையில் இரண்டரைக்கு ஒன்று ஆகிறது. அந்த அரை கிலோவில்தான் என் முதல் சர்க்கரை மூட்டையின் பெரும்பகுதி பாழானது.

இதன் காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் என்றாலும், கையில் சுட்ட பிறகுதான் முழுதாக விளங்கியது. 20 டிகிரி வெப்பத்தில் இருக்கும் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் 215 கிராம் வரையும், 40 டிகிரியில் 235 கிராம் வரையும் கரையும். கொதிநிலையை நெருங்கும்போது அது 480 கிராமையும் தாண்டிவிடும். சூட்டில் இப்படி நிறையக் கரைத்துவிட்டு அசைக்காமல் ஆறவிட்டால், அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய அளவைக் காட்டிலும் மிகுதியான சர்க்கரை கரைசலிலேயே நின்றுவிடுகிறது. அதைத்தான் பாடப்புத்தகத்தில் அதிதெவிட்டிய கரைசல் என்கிறார்கள். அந்த மிகுதி கொஞ்சமாக இருந்தால், ஏற்கெனவே இருக்கும் படிகத்தின் மேல் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து ஒழுங்காக அமர்ந்து அதைப் பெரிதாக்கும். மிகுதி அளவு கடந்துவிட்டால், படிகம் இல்லாத இடங்களிலும் புதிய கருக்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் தோன்றி, எதுவும் பெரிதாகாமல் மொத்தமாக உறைந்துவிடும். நான் எடை போட்டுக் காய்ச்சியதில் நடந்தது இந்த இரண்டாவதுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டரைக் கிலோ என்பது எங்கள் ஊர் வெப்பத்துக்குச் சரியாக நிற்கும் அளவு; அதற்கு மேல் போக வேண்டாம்.

அளவைத் திருத்திய பிறகு வேறொரு தொல்லை வந்தது. குச்சியை நனைத்து, பொடித்த சர்க்கரையில் புரட்டி, பாகில் இறக்கிய கொஞ்ச நேரத்துக்குள் ஒட்டியிருந்த சர்க்கரை முழுவதும் கரைந்து குச்சி வெறுமையாகிவிட்டது. இரண்டரைக்கு ஒன்று என்ற கணக்கில் காய்ச்சிய பாகு ஏறக்குறைய 47 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் அதிதெவிட்டிய நிலைக்குப் போகிறது. அதற்கு மேல் சூடாக இருக்கும்போது அதற்கு இன்னும் கரைக்கும் பசி இருக்கிறது, விதையாக வைத்த சர்க்கரையையே தின்றுவிடும். ஆகவே சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும், சர்க்கரையில் அதைவிட மிச்சப்படும். 45 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே குச்சியை இறக்க வேண்டும். அத்துடன், சர்க்கரையில் புரட்டிய குச்சியை இறக்குவதற்கு முந்தைய நாளே மின்விசிறியின் கீழ் வைத்து, தட்டினாலும் உதிராத அளவுக்குக் காயவைக்க வேண்டும். குச்சிக்குப் பதிலாக நூல் பயன்படுத்துகிறவர்கள் நைலானைத் தவிர்த்து, சாயம் ஏறாத கோரா நூலை எடுத்துக்கொள்ளலாம். அதன் சொரசொரப்பில் படிகம் நன்றாகப் பிடிக்கும்.

அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்த ஒரு பலகாரக் கடை மாஸ்டர், பாகு நன்றாக இருப்பதற்கு ஒரு வாய்ப்பாடு போலச் சொல்லும் யோசனையைச் சொன்னார்: கொதிக்கும்போது எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் அழுக்குப் பிரிந்து பாகு கண்ணாடியாகத் தெளியும் என்றார். உண்மையிலேயே பாகு தெளிவாக இருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்து அந்த முறையில் நிறையக் காய்ச்சி ஊற்றினேன். ஒரு வாரம் போயிற்று, இரண்டாவது வாரமும் போயிற்று, ஒரு பரல்கூட வளரவில்லை. முகூர்த்த நாள் நெருங்க நெருங்க, விடியற்காலையில் எழுந்து டார்ச் அடித்து டம்ளர்களைப் பார்ப்பதும், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அழுகையை அடக்கிக்கொண்டு வாசல் தெளிக்கப் போவதுமாக அந்த நாட்கள் கழிந்தன. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் பதில் தெரியவுமில்லை.

பதில் கிடைத்தது கல்யாணம் முடிந்த பிறகுதான், அதுவும் கவுந்தப்பாடிப் பக்கத்தில் என் நங்கையாளின் (நாத்தனாரின்) மாமனாருடைய கரும்பு ஆலைக்கொட்டகையில். பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகும் ஊர் அது. கொப்பரையில் கரும்புப்பால் காய்ந்துகொண்டிருந்தபோது என் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், "அம்மிணி, எலுமிச்சை விட்டா அது எப்படிங்க கட்டும்? வெட்டுன கரும்பு ரெண்டு மூணு நாள் கெடந்தாலே பாலு புளிச்சுப் போயிருமுங்க, அப்புறம் எத்தனை காச்சுனாலும் பாகுதானுங்க. அதுக்குத்தான் சுண்ணாம்புத் தெளிவு ஊத்தறோம்" என்றார். அவர் அனுபவத்தில் சொன்னதும் வேதியியல் சொல்வதும் ஒன்றே. நாம் சர்க்கரை என்பது சுக்ரோஸ். அது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்த மூலக்கூறு. அமிலமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு அறுந்து இரண்டும் தனித்தனியாகிவிடும். அவை பாகில் கலந்து நின்றால் சுக்ரோஸ் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள விடாமல் தடுக்கும். குலாப் ஜாமூன் பாகு கெட்டியாகிப் பூத்துவிடாமல் இருக்க வேண்டும், அதனால் மாஸ்டருக்கு எலுமிச்சை உதவுகிறது. கற்கண்டு விளைய வேண்டிய இடத்தில் அதுவே பகை. கரும்பிலும் இப்படித்தான்: முற்றாத கரும்பில் இந்த உடைந்த சர்க்கரைகள் மிகுதியாக இருக்கும், வெட்டிக் காத்திருந்த கரும்பில் அவை பெருகும். அதனால்தான் பருவம் பார்த்து வெட்டுவதும் வெட்டியதை உடனே ஆலைக்கு ஏற்றுவதும். 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் வெளியிட்ட கோ 86032 ரகத்தைத்தான் அவரும் பயிர் வைத்திருந்தார். நல்ல ரகமாக இருந்தாலும் வெட்டிப் போட்டு வைத்தால் பால் கெட்டுத்தான் போகும் என்பதையும் அவரே சொன்னார்.

இதே காரணத்தால், நாட்டுச் சர்க்கரையில் கற்கண்டு வேண்டும் என்று கேட்பவர்களிடம் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் உப்புகளும் கலந்தே இருக்கின்றன. குச்சியில் தெளிவாக வளராது. பனங்கற்கண்டு விளைகிறதே என்று கேட்கலாம். அங்கே கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீரைப் புளிக்காமல் காக்கிறார்கள், காய்ச்சிய பாகை நூல் கட்டி வாரக்கணக்கில் அசைக்காமல் விடுகிறார்கள். ஒரு மாதத்துக்குள் குச்சி வேண்டும் என்பவர்களுக்கு அது ஒத்துவராது. வெள்ளைச் சர்க்கரையை மட்டும் பயன்படுத்துங்கள். வண்ணத்துக்கும் வாசனைக்கும் புளிப்பில்லாதவற்றைச் சேருங்கள்.

மீண்டும் ஐப்பசிக்கு வருகிறேன். எலுமிச்சைப் பாகைக் கொட்டிவிட்டு, சரியான அளவில், சரியான சூட்டில் புதிதாகத் தொடங்கினேன். இம்முறை படிகம் வந்தது, ஆனால் பெரிய பரலாக வராமல், ரவையைத் தூவியது போலப் பொடிப்பொடியாகக் குச்சியிலும் டம்ளரின் அடியிலும் பரவியிருந்தது. எங்கள் வீடு சோமனூரில், சுவரை ஒட்டித் தறிக் குடோன் இருக்கிறது. தறி ஓடும்போது தரையில் கை வைத்தால் அதிர்வு தெரியும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம் என்பதால் அதை நான் ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை. அதிதெவிட்டிய கரைசல் அதிர்ந்துகொண்டே இருந்தால் புதிய கருக்கள் ஓயாமல் உருவாகும். இருக்கிற படிகத்திலிருந்து உதிரும் நுண்துகள் ஒவ்வொன்றும் தனிப் படிகமாக முளைக்கும். சீக்கிரம் ஆறட்டும் என்று மின்விசிறி போட்டதும் இதை மிகுதியாக்கியது. வேகமாக ஆறினால் பரல் சிறிது, மெதுவாக ஆறினால் பரல் பெரிது. இப்போது டம்ளர்களைப் பெரிய அட்டைப் பெட்டிக்குள் அடுக்கி, சுற்றிலும் பழைய போர்வையைத் திணித்து, ஓர் இரவு முழுவதும் ஆறவிடுகிறேன். தறி, கிரைண்டர், மோட்டார், பேருந்துச் சாலை இவற்றுக்கு அருகில் இருப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வதே நல்லது. ரப்பர் மேட் போட்டெல்லாம் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள சுண்ணாம்பு மண்டியாகப் பிரிந்து பாகைக் கலக்கும். அந்தத் துகள்களைப் பற்றிக்கொண்டும் தேவையில்லாத பரல்கள் தோன்றும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் வடிகட்டிய குடிநீரை எடுத்துக்கொண்டு, காய்ச்சிய பாகையும் சூட்டோடு மெல்லிய துணியில் வடித்துவிட வேண்டும். வடிக்கும்போது கவனம் தேவை: பாகு 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு நீங்காமல் சுடும். என் இடது மணிக்கட்டில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. பட்டவுடன் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடமாவது காட்டுங்கள். பற்பசையோ மாவோ பூசாதீர்கள். குழந்தைகளை அடுப்பங்கரைப் பக்கம் விடாதீர்கள்.

கடைசியில் என்னைத் தோற்கடித்தது மழை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் டம்ளர்களில் எதுவும் நகரவில்லை. ஆறும்போது வெளியேறும் சர்க்கரையால் முதல் இரண்டு மூன்று நாள் படிகம் வளர்கிறது. அதற்குப் பிறகான வளர்ச்சி, தண்ணீர் மெல்ல ஆவியாவதைத்தான் நம்பியிருக்கிறது. 30 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் ஆவியானால், அது தாங்கிக்கொண்டிருந்த 215 கிராம் சர்க்கரை கரைசலில் இருக்க முடியாமல் படிகமாக வந்தே தீரும். ஆனால் காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டை எட்டிவிட்டால் தெவிட்டிய சர்க்கரைக் கரைசலிலிருந்து நீர் ஆவியாவது நின்றுவிடும். அதற்கு மேல் போனால் கரைசலே காற்றிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கும், விளைந்த படிகமும் பிசுபிசுக்கும். மழை விடாமல் பெய்த அந்த வாரத்தில், ஓரளவு வளர்ந்திருந்த குச்சிகளின் கூர்முனைகள் மழுங்கியதைக் கண்ணாலேயே பார்த்தேன். முகூர்த்தத்துக்கு முன்பு அந்த வீட்டம்மாவிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்லி, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, டவுனில் டயமண்ட் கற்கண்டு வாங்கி என் செலவிலேயே அனுப்பிவைத்தேன். அவர் கோபப்படவில்லை. "விடுங்க கண்ணு, கல்யாண வேலையில இதெல்லாம் நடக்கறதுதான்" என்று சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

தை பிறந்ததும் சூலூருக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துச் சாளையில் ஓர் அறையை ஒழித்துக்கொடுக்கச் சொல்லி, அங்கே மறுபடி தொடங்கினேன். ஓட்டு வீடு, தறி இல்லை, காற்று உலர்ந்தது. எறும்புக்குப் பெட்டியின் கால்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, டம்ளர்களின் மேல் மெல்லிய வேட்டித் துணி போர்த்தினேன். மேற்பரப்பில் சர்க்கரைப் பொருக்குக் கட்டினால் அது மூடிபோல நின்று ஆவியாவதைத் தடுக்கும், குச்சியையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை குச்சியைச் சுற்றி மட்டும் ஸ்பூன் காம்பால் மெல்ல உடைத்து எடுத்தேன். குச்சியின் நுனி அடியைத் தொடாமல் இரண்டு விரல்கடை மேலே நிற்க வேண்டும், ஒரு டம்ளருக்கு ஒரு குச்சிதான். எட்டுப் பத்து நாளில் சாய்ந்த முகங்களும் கூரான விளிம்புகளுமாகச் சுக்ரோஸுக்கே உரிய வடிவத்தில் பரல்கள் திரண்டன.

இனி, ஆர்டர் எடுப்பவர்கள் போட வேண்டிய கணக்கு. நான் தொடங்கும்போது இரண்டரைக் கிலோ சர்க்கரை போட்டால் இரண்டரைக் கிலோ கற்கண்டு வரும் என்ற எண்ணத்தில்தான் விலை சொன்னேன், வீடியோக்களும் அப்படித்தான் தோன்றவைக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டரைக் கிலோ கரைத்து 30 டிகிரிக்கு ஆறவிட்டால் வெளியே வரக்கூடியது 350 கிராம்தான். மீதமுள்ள 2,150 கிராம் பாகிலேயே இருக்கும். ஆவியாவதால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். 200 மில்லி டம்ளர் ஒன்றில் ஏறக்குறைய 195 கிராம் சர்க்கரை நிற்கிறது, ஆகவே 200 குச்சிகளை ஒரே நேரத்தில் வளர்க்க 40 கிலோ சர்க்கரை வேண்டும், அதில் குச்சியில் ஏறுவது ஐந்தாறு கிலோதான். ஆனால் மிஞ்சிய பாகு வீண் அல்ல. முதலில் ஊற்றிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 350 கிராம் என்ற கணக்கில் சர்க்கரையும், ஆவியான அளவுக்குத் தண்ணீரும் சேர்த்து, சர்க்கரை கரையும் வரை மட்டும் சூடாக்கி மறுபடி ஊற்றலாம். நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் எலுமிச்சை இல்லாமலே சுக்ரோஸ் உடையத் தொடங்கும். பாகு மஞ்சளாகத் திரும்பிவிட்டால் அதை மேலும் கற்கண்டுக்கு எடுக்காமல் சர்பத்துக்கும் ஜாமூனுக்கும் ஒதுக்கிவிடுங்கள். ஆகவே 200 குச்சிகள் வேண்டுமென்றால் ஐம்பது ஐம்பதாக நான்கு முறை வளர்ப்பதுதான் கட்டுப்படியாகும், அதற்கு ஒன்றரை மாதம் வேண்டும்.

விளைந்த குச்சியைக் குளிர்ந்த நீரில் ஒரு நொடி முக்கி எடுத்து, வெறும் டம்ளரில் தொங்கவிட்டு இரண்டு நாள் முழுதாகக் காயவைத்த பிறகே உறையிலிட்டு ஒட்ட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் அதன் மேல் படியும் ஈரம் பரல்களின் மினுமினுப்பைப் போக்கிவிடும். விற்பனைக்குச் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவையும் முதலிலேயே செய்துகொள்ளுங்கள். நான் இப்போது தையிலிருந்து வைகாசி வரை வரும் முகூர்த்தங்களுக்கு மட்டும், இரண்டு மாதம் முன்னதாகச் சொன்னால் மட்டும் ஆர்டர் எடுக்கிறேன். குச்சிக்கு 60 ரூபாய் வாங்குகிறேன். அதற்குக் கீழே கேட்பவர்களிடம் கடைக் கற்கண்டையே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.